அடுத்தவர் சரக்குக்குத் தடை: அபின் கட்டுப்பாட்டின் முதல் இருபது ஆண்டுகள்

1909 பிப்ரவரி 1ஆம் தேதி ஷாங்காய் நகரின் பேலஸ் ஓட்டலில் 13 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். அபினைப் பற்றிப் பேசுவதற்கென்றே இத்தனை நாடுகள் ஒரே மேசையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர்களை அனுப்பிய அரசுகள் எவை என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பிரிட்டன் இந்தியாவில் அபின் விளைவித்து ஏலம் விட்டுக்கொண்டிருந்தது. பிரான்ஸ் இந்தோசீனாவிலும் நெதர்லாந்து ஜாவாவிலும் அரசாங்கமே நடத்திய விற்பனை அமைப்பு வழியாக அபின் விற்றன. போர்ச்சுகல் சீனக் கரையிலிருந்த மக்காவ் நகரில் அபின் விற்பனையைக் குத்தகைக்கு விட்டிருந்தது. ஜப்பான் தைவானில் உரிமம் கொடுத்து விற்றது. சயாம் அரசின் கஜானாவில் அபின் பணத்துக்குப் பெரிய பங்கு இருந்தது. பாரசீகம் விளைவித்து வெளிநாட்டுக்கு அனுப்பியது. கூட்டத்தைக் கூட்டிய அமெரிக்காகூட அந்த மாதம் வரை, புகைப்பதற்கென்று வரும் அபினுக்குச் சுங்கம் வாங்கி உள்ளே விட்டுக்கொண்டுதான் இருந்தது.

இந்தக் கூட்டத்தையும், மூன்று ஆண்டு கழித்து நெதர்லாந்தின் ஹேக் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தையும் மனசாட்சி பெற்ற வெற்றியாகச் சொல்வது வழக்கம். மனசாட்சியோடு உழைத்தவர்கள் இருந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆவணங்களில் தெரியும் கதை வேறு. ஏறக்குறைய ஒவ்வொரு அரசும் தன் சரக்கைப் பத்திரப்படுத்திக்கொண்டு அடுத்தவர் சரக்குக்குத் தடை கேட்கவே வந்தது. தன் வயலில் நின்ற பயிரைத் தானே பெரிய அளவில் பிடுங்கிப்போட்ட நாடு ஒன்றே ஒன்றுதான்: சீனா. ஒப்பந்தங்களின் வரலாற்றில் அந்த உழைப்புக்கு உரிய இடம் இன்றுவரை கிடைக்கவில்லை.

பழைய கணக்கு

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் காய்ந்து இறுகுவதுதான் அபின். நாம் குருமாவில் அரைத்துவிடும் கசகசா அதே காய்க்குள் இருக்கும் விதை. (இந்தச் சொந்தத்தால்தான் சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் பெட்டியில் கசகசா வைக்கக் கூடாது என்று இன்றும் சொல்கிறார்கள்.) பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தப் பயிர் இரண்டு வழிகளில் காசானது. பீகாரிலும் பனாரஸ் பகுதியிலும் அது முழுக்க அரசாங்கத்தின் ஏகபோகம். விவசாயிக்கு உரிமமும் முன்பணமும் கொடுப்பார்கள், விலையை அரசே நிர்ணயிக்கும், பால் முழுவதையும் அரசிடமே கொடுத்தாக வேண்டும். பாட்னா, காஜிப்பூர் ஆலைகளில் அது உருண்டையாகப் பிடிக்கப்பட்டுப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, கல்கத்தாவில் ஏலத்துக்கு வரும். இன்னொரு வழி மால்வா அபின். அது மத்திய இந்தியாவின் சமஸ்தானங்களில் விளைந்தது. பம்பாய் துறைமுகத்துக்கு அதைக் கொண்டுபோகப் பெட்டிக்கு இவ்வளவு என்று அரசு கட்டணம் வாங்கியது.

நிலவரிக்கு அடுத்தபடியாகக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் பின்னர் வந்த அரசுக்கும் வருமானம் தந்த இனங்களில் அபின் மிக முக்கியமானது. 1879-80இல் ஏற்றுமதி 1 லட்சம் பெட்டிகளைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி சீனாவுக்குப் போனது. 1839இல் லின் ஸெஷு என்ற அதிகாரி 20,000க்கும் மேற்பட்ட பெட்டிகளைப் பறிமுதல் செய்து ஹுமென் கடற்கரையில் அழித்ததும், அதற்காக பிரிட்டன் போர் தொடுத்ததும் பள்ளிக்கூடப் பாடத்தில் வருகிற கதை. பலர் கவனிக்காமல் விடுவது அடுத்து நடந்தவற்றைத்தான். இரண்டாவது போர் நடந்துகொண்டிருந்தபோது, 1858இல், சுங்க ஒப்பந்தம் ஒன்றின் மூலம் அபின் இறக்குமதி சட்டபூர்வமானது. பெட்டிக்கு 30 டேல் வெள்ளி (டேல் என்பது வெள்ளியை நிறுக்கும் சீன எடை அளவு) தீர்வை என்று முடிவானது. 1885இல் உள்நாட்டு வரியையும் சேர்த்து 110 டேல் ஆனது. அதாவது பிரிட்டனும் சீனாவும் அபின் பற்றிச் செய்துகொண்ட முதல் ஒப்பந்தங்கள் தடுப்பதற்காகப் போடப்பட்டவையே கிடையாது. எவ்வளவு வரி, அதை யார் வசூலிப்பது என்பதற்காகப் போடப்பட்டவை. இறக்குமதியைத் தடுக்க முடியாது என்று ஆனபிறகு, சீனாவின் பல மாகாணங்கள் தாங்களே பயிரிடத் தொடங்கின. சில பத்தாண்டுகளில் உள்நாட்டு விளைச்சல் இந்தியச் சரக்கைப் பல மடங்கு மிஞ்சிவிட்டது.

இங்கிலாந்திலேயே எதிர்ப்பு இல்லாமல் இல்லை. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஆதரவோடு 1874இல் அபின் வணிக ஒழிப்புச் சங்கம் ஒன்று தொடங்கியது. 1891இல் நாடாளுமன்றத்தின் கீழவையில், இந்திய அபின் வருமானம் அறத்தின்படி நியாயப்படுத்த முடியாதது என்ற கருத்துக்குப் பெரும்பான்மை கிடைத்தது. அரசு என்ன செய்தது? 1893இல் ஒரு ராயல் கமிஷனை நியமித்தது. பிராஸி பிரபு தலைமையில் அது இந்தியாவுக்கு வந்து 700க்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. 1895இல் வந்த அறிக்கை, இந்தியாவில் அபின் தின்பது பெரும்பாலும் அளவோடுதான் நடக்கிறது, தடை தேவையில்லை என்று முடித்தது. விஷயம் பத்தாண்டுக்கு ஆறிப்போனது. கமிஷன் போட்டு ஆறப்போடுவது எவ்வளவு பழைய வித்தை என்பதற்கு அந்த ஏழு தொகுதி அறிக்கையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

மணிலாவிலிருந்து ஒரு பேராயர்

அமெரிக்கா இந்தக் கதைக்குள் வந்தது 1898இல், ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸைப் பிடித்தபோது. ஸ்பெயின்காரர்கள் அங்கே அபின் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். வாங்குவதும் புகைப்பதும் சீனர்களுக்கு மட்டும் என்பது விதி. அமெரிக்கர்கள் குத்தகையை எடுத்துவிட்டுச் சுங்கத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1902இல் பரவிய காலராவுக்கு அபின் மருந்து என்ற நம்பிக்கையால் பிலிப்பினோ மக்களிடமும் பழக்கம் பெருகியது. 1903இல், ஆளுநர் வில்லியம் டாஃப்டின் நிர்வாகம் பழைய குத்தகை முறைக்கே திரும்ப ஒரு மசோதா கொண்டுவந்தது. கிடைக்கும் பணம் பள்ளிகளுக்குப் போகும் என்று சமாதானமும் சொன்னது. மிஷனரிகள் கொதித்துப்போய், தங்கள் ஆதரவாளர்களை வாஷிங்டனுக்குத் தந்தி மேல் தந்தி அடிக்க வைத்தார்கள். மசோதா நின்றது.

அதற்குப் பதிலாக மூன்று பேர் குழு ஒன்று அமைந்தது. ராணுவ மருத்துவரான மேஜர் எட்வர்ட் கார்ட்டர், மணிலா மருத்துவர் ஹோசே ஆல்பர்ட், எபிஸ்கோபல் திருச்சபையின் பேராயர் சார்லஸ் ஹென்றி பிரென்ட். இவர்கள் ஜப்பான், தைவான், ஷாங்காய், ஹாங்காங், சைகோன், சிங்கப்பூர், பர்மா, ஜாவா என்று சுற்றி, ஒவ்வோர் இடத்திலும் அபினை எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று பார்த்துவந்தார்கள். தைவானில் ஜப்பானியர் செய்த ஏற்பாடு அவர்களுக்குப் பிடித்திருந்தது: பழையவர்களுக்கு உரிமம், புதியவர்களுக்குத் தடை, விற்பனை அரசின் கையில். மூன்று ஆண்டு அரசு ஏகபோகம், அப்புறம் முழுத் தடை என்று பரிந்துரைத்தார்கள். அமெரிக்க காங்கிரஸ் அதை ஏற்று, 1908 மார்ச் 1 முதல் பிலிப்பைன்ஸில் மருந்துக்கல்லாத அபினுக்குத் தடை என்று சட்டம் செய்தது.

ஆயிரக்கணக்கான தீவுகள் கொண்ட நாட்டில், சுற்றிலும் எல்லாத் துறைமுகங்களிலும் அபின் சட்டபூர்வமாக விற்கும்போது, இந்தத் தடை எப்படி நிற்கும்? பிரென்டுக்கு இது நன்றாகப் புரிந்திருந்தது. 1906 ஜூலை 24 அன்று அவர் அதிபர் தியடோர் ரூஸ்வெல்டுக்கு எழுதிய கடிதத்தில், சம்பந்தப்பட்ட நாடுகளைக் கூட்டி ஒரு மாநாடு நடத்த வேண்டும் என்றார். வாஷிங்டனுக்கு அந்த யோசனை இன்னொரு காரணத்துக்காகவும் இனித்தது. சீனர்கள் குடியேறுவதை அமெரிக்கா சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. அதற்குப் பதிலடியாக 1905இல் சீன நகரங்களில் அமெரிக்கப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் பெரிதாக நடந்தது. சீனாவின் மனத்தைக் குளிரவைக்க அபின் எதிர்ப்பு நல்ல வழியாகத் தெரிந்தது. அதில் அமெரிக்கா இழக்கவேண்டியதும் அதிகமில்லை.

பத்தாண்டு ஒப்பந்தம்

1906ஆம் ஆண்டு இந்தக் கதையின் திருப்பம். மே 30 அன்று லண்டனில் கீழவை மறுபடியும் இந்திய அபின் வணிகத்தைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது, இந்த முறை வாக்கெடுப்பே தேவைப்படவில்லை. இந்தியாவுக்கான அமைச்சர் ஜான் மார்லி, சீனா உண்மையாகவே பழக்கத்தைக் குறைக்க முனைந்தால் பிரிட்டன் குறுக்கே நிற்காது என்று அறிவித்தார். அதற்குள் இந்திய அரசின் வருமானத்தில் அபினின் பங்கு முன்பு இருந்ததில் பாதியளவுக்கு இறங்கியிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பொன் முட்டையிட்டபோது அறம் பேசிய தீர்மானம் கமிஷனில் முடங்கியது. முட்டை சிறுத்த பிறகு அதே தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது.

செப்டம்பர் 20 அன்று பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) பேரரசின் ஆணை வெளியானது. பத்து ஆண்டுக்குள் அபினை வேரோடு ஒழிப்பது என்பது இலக்கு. புகைப்பவர்கள் பதிவு செய்துகொண்டு ஆண்டுதோறும் அளவைக் குறைக்க வேண்டும், அபின் கடைகள் மூடப்பட வேண்டும், அதிகாரிகள் பழக்கத்தை விட வேண்டும், 60 வயதைக் கடந்தவர்களிடம் மட்டும் கடுமை காட்ட வேண்டியதில்லை. பயிரிடும் நிலமும் ஆண்டுக்காண்டு சுருங்க வேண்டும்.

இதை வைத்து 1907இல் லண்டனும் பீக்கிங்கும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. இந்தியாவின் மொத்த ஏற்றுமதி ஆண்டுக்கு 67,000 பெட்டி, அதில் சீனாவின் பங்கு 51,000 என்று கணக்கிட்டு, 1908 முதல் ஆண்டுக்கு 5,100 பெட்டி குறைப்பது. பத்து ஆண்டில் சீனாவின் பங்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஒரு நிபந்தனை இருந்தது. முதல் மூன்று ஆண்டு சோதனைக் காலம். அதற்குள் சீனா தன் விளைச்சலையும் அதே விகிதத்தில் குறைத்துக் காட்ட வேண்டும். ஒப்பந்தம் காகிதத்தோடு நிற்காமல் வயலில் போய்ப் பார்க்க வேண்டிய ஒன்றாக இருந்தது என்பதே இதன் சிறப்பு. எந்தச் சர்வதேச மாநாடும் அடுத்த பல ஆண்டுகளில் இந்த அளவுக்குத் துல்லியமான ஒன்றைச் சாதிக்கவில்லை. இரண்டு தரப்பு, ஒரு எண்ணிக்கை, ஒரு கெடு, ஒரு சரிபார்ப்பு.

சீனா குறைக்காது, குறைத்தாலும் கணக்கில் மட்டும்தான் குறைக்கும் என்று நம்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் நிறையப் பேர். 1910-11இல் அலெக்சாண்டர் ஹோஸி என்ற தூதரக அதிகாரி, முக்கியமாகப் பயிர் விளைந்த ஆறு மாகாணங்களில் மாதக்கணக்கில் பயணம் செய்து பார்த்தார். நாட்டிலேயே அதிகம் விளைந்த சிச்சுவானில் பயிர் அநேகமாக முழுதும் மறைந்திருந்தது. ஷான்ஷியிலும் அப்படியே. ஷென்ஷி, கான்சு, யுன்னான், குய்சோ மாகாணங்களில் மிச்சம் இருந்தது. சீனா பொய் சொல்லவில்லை என்பதை பிரிட்டனின் ஆளே உறுதி செய்ததால், 1911 மே 8 அன்று ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. தீர்வை 350 டேலாக உயர்ந்தது. எந்த மாகாணம் பயிரை முழுக்க ஒழித்துக் காட்டுகிறதோ அதற்குள் இந்திய அபின் நுழையக் கூடாது என்ற விதியும் வந்தது.

இதற்கு விலை கொடுத்தவர்கள் சீன விவசாயிகள். கோதுமையைவிடப் பல மடங்கு காசு தந்த பயிர் அது. மாற்றுப் பயிருக்கு உதவி எதுவும் கிடைக்கவில்லை. சிப்பாய்கள் வயலில் இறங்கிச் செடியைப் பிடுங்கினார்கள், எதிர்த்த இடங்களில் சுட்டார்கள். ஷான்ஷியில் 1910இல் அப்படி நடந்தது. மாநாட்டு அறிக்கைகளில் ‘பாராட்டத்தக்க முன்னேற்றம்’ என்று வருவது இதைத்தான். அந்தச் சொற்களை எழுதியவர்களில் எவரும் அந்த வயல் வரப்பில் நின்றதில்லை.

ஷாங்காய்: தீர்மானம் உண்டு, கட்டாயம் இல்லை

பிரென்ட் கேட்டது மாநாடு; கிடைத்தது ஆணையம். இந்த வேறுபாடு முக்கியமானது. மாநாடு என்றால் பிரதிநிதிகளுக்குத் தங்கள் நாட்டைக் கட்டுப்படுத்தும் கையெழுத்துப் போட அதிகாரம் இருக்கும். ஆணையம் தகவல் திரட்டும், பரிந்துரைக்கும், கலைந்துபோகும். அபினில் வருமானம் பார்த்த நாடுகள் ஆணையத்துக்குத்தான் ஒப்புக்கொண்டன. வர மறுத்த துருக்கியைச் சேர்க்காமல் 13 நாடுகள்: அமெரிக்கா, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி, சயாம், சீனா, நெதர்லாந்து, பாரசீகம், பிரான்ஸ், பிரிட்டன், போர்ச்சுகல், ரஷ்யா, ஜப்பான், ஜெர்மனி. தலைமை பிரென்டுக்கு.

பிரிட்டிஷ் குழுவின் தலைவர் சர் செசில் கிளமென்டி ஸ்மித். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்தவர். அந்தக் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறத்தாழ பாதி அபினிலிருந்துதான் வந்தது. அங்கே எதிர்த்துப் பேசுவது எளிதாக இருக்கவில்லை. பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த மருத்துவர் வூ லியன் டே அபினுக்கு எதிராக ஊர் ஊராக இயக்கம் நடத்தியபோது, அவர் மருத்துவமனையில் அனுமதியில்லாமல் சிறிதளவு அபின் மருந்து இருந்தது என்று வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். பின்னாளில் மஞ்சூரியாவில் பிளேக்கை அடக்கிப் புகழ்பெற்றவர் இவர்தான்.

ஷாங்காயில் உண்மையான சண்டை ஒரு சொற்றொடரைச் சுற்றி நடந்தது. அமெரிக்கக் குழுவின் ஹாமில்டன் ரைட், மருத்துவத்துக்கு அல்லாத அபின் பயன்பாடு எல்லாமே தவறு என்று தீர்மானம் வர வேண்டும் என்றார். பிரிட்டிஷ் தரப்பு ஒப்பவில்லை. இந்தியக் கிராமத்தில் மருத்துவர் இல்லை. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் உடல்வலிக்கும் ஜனங்கள் தாங்களே அபின் தின்கிறார்கள், இதை மருந்து என்பதா பழக்கம் என்பதா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த நியாயம் கல்கத்தா ஏலத்துக்குக் கேடயமாகவும் பயன்பட்டது. கிராமத்துக் கிழவர் வயிற்றுவலிக்குத் தின்ற துணுக்கைக் காட்டி, கப்பல் கப்பலாகச் சீனாவுக்குப் போன பெட்டிகளைப் பற்றிய பேச்சை நகர்த்திவிட முடிந்தது. பத்தாண்டு ஒப்பந்தத்தை இந்தக் கூட்டத்தில் விவாதிக்கவே கூடாது என்றும் பிரிட்டன் உறுதியாக இருந்தது. கடைசியில் வந்த வாசகம், மருத்துவத்துக்கு அல்லாத பயன்பாட்டை ‘ஏறக்குறைய எல்லா’ நாடுகளும் தடைக்கோ கவனமான ஒழுங்குமுறைக்கோ உரியதாகக் கருதுகின்றன என்று நழுவியது.

சீனத் தரப்பில் டாங் குவோவான் பேசினார். அமெரிக்காவில் படித்தவர், பின்னர் சிங்ஹுவா கல்லூரியின் முதல் தலைவரானவர். அபினால் சீனா இழக்கும் பணம், உழைப்பு, நிலம் ஆகியவற்றைக் கணக்குப் போட்டுக் காட்டினார். 1906இல் சீனாவில் மட்டும் சுமார் 35,000 டன் அபின் விளைந்ததாக ஆணையத்திடம் தரப்பட்ட கணக்கு சொன்னது. இன்று உலகம் முழுவதும் சட்டத்துக்கு உட்பட்டும் புறம்பாகவும் விளையும் அபினைச் சேர்த்தாலும் இந்த அளவு வராது.

பிப்ரவரி 26 அன்று ஒன்பது தீர்மானங்களோடு ஆணையம் முடிந்தது. சீனாவின் முயற்சியைப் பாராட்டுவது, புகைப்பதைப் படிப்படியாக ஒழிப்பது, தடை செய்த நாட்டுக்கு அபின் அனுப்பாமல் பார்த்துக்கொள்வது, அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின் பரவுவதைக் கட்டுப்படுத்துவது, சீன மண்ணில் உள்ள வெளிநாட்டுக் குடியிருப்புப் பகுதிகளில் அபின் கடைகளை மூடுவது. எதுவும் யாரையும் கட்டுப்படுத்தவில்லை. கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, பிப்ரவரி 9 அன்று, புகைக்கும் அபினின் இறக்குமதிக்கு அமெரிக்கா தடைச் சட்டம் நிறைவேற்றியது. ஊருக்கு உபதேசம் செய்ய வந்த இடத்தில் தன் வீட்டில் சட்டமே இல்லை என்ற பேச்சு எழாமல் இருக்க, அவசரமாகச் செய்த வேலை அது.

ஹேக்: ஜெர்மனியின் முறை

ரைட் விடவில்லை. கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்று 1909 முடிவதற்குள்ளேயே எல்லா நாடுகளுக்கும் சுற்றறிக்கை போனது. பிரிட்டன் இப்போது வேறு வழியில் பதில் சொன்னது: அபின் மட்டும் பற்றாது, மார்ஃபினையும் கொக்கெயினையும் சேர்த்தால்தான் வருவோம். இதில் உண்மையான கவலையும் உண்டு. அபினை விடவைக்கும் மாத்திரை என்ற பெயரில் சீனாவிலும் தூரக்கிழக்கிலும் மார்ஃபின் வெள்ளமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பகுதி எடின்பரோ ஆலைகளில் தயாரானது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. ஆனால் இந்த நிபந்தனையால் பாரம் இந்திய வயல்களிலிருந்து ஜெர்மனியின் ரசாயன ஆலைகளுக்கு நகர்ந்தது. டார்ம்ஸ்டாட் நகரின் மெர்க் நிறுவனம் கொக்கெயின் தயாரிப்பில் முன்னணியில் இருந்தது. ஹெராயினை இருமல் மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது பாயர். கொக்கெயின் எடுக்கும் கோக்காச் செடியை ஜாவாவில் பயிரிட்ட நெதர்லாந்துக்கும் ஆம்ஸ்டர்டாமில் கொக்கெயின் ஆலை இருந்தது.

1911 டிசம்பர் 1 அன்று ஹேக்கில் 12 நாடுகள் கூடின. ஆஸ்திரியா-ஹங்கேரி வரவில்லை. கஞ்சாவையும் சேர்க்க வேண்டும் என்று கேட்ட இத்தாலி, அதற்கு ஆதரவு கிடைக்காததும் ஒதுங்கிக்கொண்டது. 1912 ஜனவரி 23 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. சீனாவின் சார்பில் கையெழுத்திட்டவர்கள் மஞ்சு பேரரசின் பிரதிநிதிகள். 20 நாள் கழித்து, பிப்ரவரி 12 அன்று, அந்தப் பேரரசே முடிவுக்கு வந்தது. அபினை ஒழிக்கும் வேலையில் மற்ற எல்லோரையும்விட அதிகம் செய்த அரசுக்கு அதன் பலனைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஒப்பந்தத்தின் வாசகங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் யார் எங்கே தப்பித்தார்கள் என்பது தெரிந்துவிடும். கச்சா அபின் உற்பத்தியையும் விநியோகத்தையும் ஒழுங்குபடுத்தச் சட்டம் செய்வோம் என்றது, குறைப்போம் என்று சொல்லவில்லை. இந்தியா, பாரசீகம் இரண்டும் மூச்சுவிட்டன. புகைக்கும் அபினைப் படிப்படியாக ஒழிப்போம் என்றது, ஆனால் அந்தந்த நாட்டின் நிலைமையை அனுசரித்து. காலனிகளில் அரசுக் கடை நடத்தியவர்கள் மூச்சுவிட்டார்கள். மார்ஃபின், கொக்கெயின் தயாரிப்பாளர்களைக் கட்டுப்படுத்த ‘இயன்ற முயற்சி’ எடுப்போம் என்றது. ஆலைக்காரர்களும் மூச்சுவிட்டார்கள். இருந்தாலும் ஒரு முக்கியமான வரி உள்ளே வந்துவிட்டது: இந்த மருந்துகளின் உற்பத்தியும் விற்பனையும் பயன்பாடும் மருத்துவத்துக்கும் முறையான தேவைக்கும் மட்டுமே. ஷாங்காயில் நழுவிப்போன கொள்கை ஹேக்கில், ஆலைச் சரக்குக்கு மட்டுமாவது, சட்ட வாசகமாகிவிட்டது. இன்றைய போதைப்பொருள் சட்டங்கள் பெரும்பாலானவற்றிலும் இருப்பது இந்த வரிதான்.

ஜெர்மனி இன்னொரு பூட்டும் போட்டது. மாநாட்டுக்கு வராத ஐரோப்பிய, அமெரிக்க நாடுகள் 34 இருந்தன. அவையும் கையெழுத்திட்டால்தான் ஒப்பந்தம் நடைமுறைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் வியாபாரம் அவர்களிடம் போய்விடும் என்றது. வாதம் காரணமில்லாதது என்று சொல்ல முடியாது. ஆனால் விளைவு, எந்தச் சிறிய நாடும் எல்லோரையும் நிறுத்திவைக்கலாம் என்றாகிவிட்டது. 1913இல் ஒரு கூட்டம், 1914 ஜூனில் இன்னொன்று. கையெழுத்துகள் சேர்ந்துகொண்டே வந்தன. துருக்கியும் செர்பியாவும் போடவில்லை. சில வாரங்களில் உலகப் போர் வெடித்தது.

அமெரிக்கா உள்நாட்டில் தன் பங்குக்கு 1914 டிசம்பரில், அபின், கொக்கெயின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் ஹாரிசன் சட்டத்தை நிறைவேற்றியது. உலகத்துக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பது அதற்கு ஆதரவாகச் சொன்ன முக்கியமான காரணம். அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டதும் ரைட்தான். தென் மாநிலங்களில் கொக்கெயின் தின்ற கறுப்பினத்தவர் வெள்ளைக்காரப் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற பீதியை அவர் அதற்குப் பயன்படுத்தினார். சீனாவின் துயரத்துக்காக உண்மையாக வாதாடிய அதே மனிதர் தன் நாட்டில் இனவெறியைக் கருவியாக்கினார். அவரைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏலம் நின்ற பிறகும்

இதற்கிடையில் இந்திய அபின் சீனாவுக்குப் போவது நின்றுவிட்டது. 1913 மே மாதம் இந்தியாவுக்கான துணை அமைச்சர் எட்வின் மான்டேகு, சீனாவுக்கான விற்பனையை நிறுத்துவதாக பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஷாங்காய் வணிகர்களிடம் தேங்கிப்போன சரக்கு பற்றிய பேரம் இன்னும் சில ஆண்டு இழுத்தது. கடைசியில் சீன அரசு விலைகொடுத்து வாங்கிய 1,000க்கும் மேற்பட்ட பெட்டிகளை 1919 ஜனவரியில் ஷாங்காயில் எரித்தார்கள். ஆனால் 1916இல் சீனக் குடியரசின் அதிபர் யுவான் ஷிகாய் இறந்ததும் மத்திய அரசு சிதறியிருந்தது. மாகாணங்களைப் பிடித்த படைத்தலைவர்களுக்குச் சிப்பாய்களின் சம்பளத்துக்குப் பணம் தேவைப்பட்டது, கசகசாச் செடி மறுபடியும் வயலுக்கு வந்தது. முன்பு செடியைப் பிடுங்கிய அதே மாகாணங்களில், விவசாயி பயிரிடாவிட்டால் வரி போடும் நிலைகூட வந்தது.

ஹேக் ஒப்பந்தத்துக்கு உயிர் கொடுத்தது போரின் முடிவு. வெர்சாய் சமாதான உடன்படிக்கையின் 295ஆம் பிரிவு, அதை ஏற்கும் நாடு ஹேக் ஒப்பந்தத்தையும் ஏற்றதாகக் கருதப்படும் என்றது. பிரிட்டனின் உள்துறை அதிகாரி மால்கம் டெலவின் இதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவர். பேச்சுவார்த்தையில் அசையாத ஜெர்மனி தோற்றபின் கையெழுத்திட்டது. 1920 ஜனவரியில் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததும், லீக் ஆஃப் நேஷன்ஸ் என்ற சர்வதேச சங்கத்தின் கையில் அபின் ஒப்பந்தங்களின் மேற்பார்வை வந்தது.

1924-25இல் ஜெனீவாவில் இரண்டு மாநாடுகள் நடந்தன. அமெரிக்கக் குழுவின் ஸ்டீபன் போர்ட்டர், மருந்துக்கு வேண்டியதற்கு மேல் விளைவிக்கவே கூடாது என்றும், புகைக்கும் அபினுக்குப் பத்து ஆண்டுக் கெடு வேண்டும் என்றும் கேட்டார். காலனி அரசுகள், சீனாவில் மறுபடி விளைகிற அபின் கடத்திவரப்படும்வரை நாங்கள் கடையை மூடிப் பயனில்லை என்றன. பிப்ரவரி தொடக்கத்தில் அமெரிக்காவும் சீனாவும் வெளியேறின. இந்திய அரசின் பிரதிநிதிகள் பழைய பல்லவியையே பாடிக்கொண்டிருந்தபோது, நாட்டுக்குள் காந்தியின் நண்பரான சி. எஃப். ஆண்ட்ரூஸ் போன்றவர்களும் காங்கிரஸும் எதிராகப் பேசினார்கள். அஸ்ஸாம் காங்கிரஸ் 1925இல் அந்த மாகாணத்தின் அபின் பழக்கத்தை விசாரித்து ஓர் அறிக்கையே வெளியிட்டது. கல்கத்தா ஏலம் 1926இல் நின்றது. மருந்துக்கு அல்லாத ஏற்றுமதியை ஆண்டுக்கு 10 சதவீதம் குறைத்து 1935இல் முடிப்பதாகவும் இந்திய அரசு அறிவித்தது.

வெளிநடப்புதான் செய்திகளில் நின்றது. என் கணிப்பில், 1925 பிப்ரவரி 19 அன்று மிச்சமிருந்தவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருந்த ஒரு சலிப்பூட்டும் அலுவலக ஏற்பாடு, இருபது ஆண்டு சொற்பொழிவுகளைவிட அதிகம் சாதித்தது. வாங்கும் நாட்டின் அரசு இந்தச் சரக்கு இவ்வளவு தேவை என்று சான்றிதழ் கொடுத்தால்தான், விற்கும் நாடு ஏற்றுமதிக்கு அனுமதி தரலாம். டெலவின் சில ஆண்டுகளாக வலியுறுத்திவந்த முறை அது. கணக்குகளை வாங்கிப் பார்க்க ஒரு நிரந்தர வாரியமும் அமைந்தது. அடுத்தவர் சரக்கைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தவர்கள், இதற்குப் பிறகு ஒவ்வொரு கப்பலுக்கும் தங்கள் சரக்கின் கணக்கையும் எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று. காஜிப்பூரிலும் நீமச்சிலும் இன்றைக்கும் இயங்கும் அரசு ஆலைகளிலிருந்து மருந்துக்காக வெளிநாடு போகும் அபின், வாங்கும் நாட்டின் அந்தச் சான்றிதழ் இல்லாமல் நகர முடியாது.